யூனோஸ் ரோட்ஸ்டர்ல இன்ஜின் மவுண்ட் மாத்துறது: முதல் தடவை கை வைக்கிறவங்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கி வீட்டு வாசல்ல போட்டு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கழட்டி மாட்டிட்டு இருக்கற கூட்டத்துல நானும் ஒருத்தன். என்னோடது 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 இன்ஜின், ஜப்பான்ல ஓடி முடிச்சு கப்பல் ஏறி இங்கிலாந்து வந்தது. யூனோஸ்னா பயந்துடாதீங்க, 1989 பிப்ரவரில சிகாகோ ஆட்டோ ஷோல மாஸ்டா காட்டுச்சே அந்த ரெண்டு சீட்டு கார்தான், அமெரிக்காவுல மியாடா, மத்த ஊர்ல எம்எக்ஸ்-5, ஜப்பான்ல மட்டும் யூனோஸ்னு பேரு. ஹெட்லைட் எந்திரிச்சு எந்திரிச்சுப் படுக்குமே, 1997 வரைக்கும் வந்த முதல் தலைமுறை, அதைப் பத்திதான் இங்க பேசறேன். வேற காரா இருந்தாலும் பாதி விஷயம் பொருந்தும், ஆனா இந்தக் கார்ல மவுண்ட் கதை, அதாவது இன்ஜினைத் தாங்கற ரப்பர் கட்டையோட கதை, கொஞ்சம் தனி.

என்ன தனின்னா, சாதாரணமா பின் வீல் ஓட்டற கார்ல இன்ஜினுக்குக் கீழ ரெண்டு மவுண்ட், கியர்பாக்ஸுக்குக் கீழ ஒண்ணு இருக்கும். இதுல கியர்பாக்ஸுக்கு மவுண்டே கிடையாது. கியர்பாக்ஸ் வால்ல இருந்து டிஃபரென்ஷியல் (பின் வீல் ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கற பெட்டி) வரைக்கும் நீளமா ஒரு அலுமினிய சட்டம் ஓடுது, பவர் பிளான்ட் ஃபிரேம்னு பேரு, சுருக்கமா பிபிஎஃப். அப்ப இன்ஜின், கியர்பாக்ஸ், சட்டம், டிஃபரென்ஷியல் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. அந்தத் துண்டைத் தாங்கறது முன்னாடி ரெண்டு ரப்பர், பின்னாடி ரெண்டு ரப்பர், மொத்தமே நாலுதான். கியர் லிவர் வேற நேரா கியர்பாக்ஸ் மேலயே நட்டு வெச்சிருக்கு. அதனால முன்னாடி ரப்பர் தளர்ந்தா மொத்த வரிசையும் புரளும், உங்க கையில இருக்கற லிவரும் கூடவே ஆடும்.

எவ்ளோ பலம் அந்த ரப்பர் மேல விழுதுன்னு ஒரு கணக்கு: 1.6 இன்ஜினோட டார்க், அதாவது முறுக்கு விசை, கிட்டத்தட்ட 135 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.136, பெருக்கினா 420ஐத் தாண்டுது. கியர்பாக்ஸ் அதை பின்னாடி போற புரொப்பல்லர் ஷாஃப்ட் தண்டுக்குக் குடுக்கும்போது அதே அளவுக்கு இன்ஜின் எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். அப்படிப் புரளும்போது எக்ஸாஸ்ட் பக்கம் (புகை வெளிய போற பக்கம்) மேல தூக்கும், இன்டேக் பக்கம் (காத்து உள்ள போற பக்கம்) கீழ நசுங்கும். எக்ஸாஸ்ட் பக்க ரப்பருக்கு இழுவையும் உண்டு, பக்கத்துலயே மேனிஃபோல்டு சூடும் உண்டு, அதான் பெரும்பாலும் அது முதல்ல கிழியுது. இன்டேக் பக்கத்துக்கு வேற தலைவலி. ஆயில் ஃபில்டரை இந்தக் கார்ல இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்காங்க, ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் அந்த இடமெல்லாம் ஆயில் ஒழுகும், முப்பது வருஷமா ஆயில் குடிச்ச ரப்பர் எப்படி இருக்கும், தொட்டா கோந்து மாதிரி இருக்கும்.

மவுண்ட்தான் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது

இங்கதான் நான் ஏமாந்தேன். சிக்னல்ல நிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குது, ரியர்வியூ கண்ணாடியில பின்னாடி வர்ற கார் ரெண்டா தெரியுது, உடனே மவுண்ட்தான்னு முடிவு பண்ணி ஆர்டர் போட்டுட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி லைட் எல்லாம் அணைச்சுட்டு பானெட்டைத் திறந்து பார்த்தா பிளக் ஒயர்ல நீலமா பொறி கசியுது. நாலு சிலிண்டர்ல ஒண்ணு அப்பப்ப விட்டு விட்டு எரிஞ்சிருக்கு. இந்த இன்ஜின்ல பிளக் ஒயர் சாகறது ரொம்ப சகஜம், விலையும் கம்மி. ஒயரை மாத்தினதும் பாதி நடுக்கம் போயிடுச்சு. மீதிப் பாதிக்குத்தான் மவுண்ட். அதனால வரிசையா ஒயர், பிளக், ஐடில் ஆர்பிஎம் மூணையும் முதல்ல பாருங்க. ஐடில் 850 பக்கத்துல நிக்கணும், 650ல தடுமாறிட்டு இருந்தா புது மவுண்ட் போட்டும் ஆடத்தான் செய்யும்.

அது சரியா இருந்தும் நடுங்குதா, இப்ப மவுண்டைப் பாருங்க. பானெட்டைத் திறந்து வெச்சு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கூட ஒருத்தரை உக்கார வெச்சு கால் பிரேக்கையும் மிதிக்கச் சொல்லி, முதல் கியர் போட்டு கிளட்ச்சை லேசா கடிக்கற வரைக்கும் விட்டு திரும்ப மிதிக்கச் சொல்லுங்க, அப்புறம் ரிவர்ஸ்லயும் அதே மாதிரி. நீங்க பக்கவாட்டுல நின்னு பாருங்க, கார் முன்னாடி நிக்கவே நிக்காதீங்க, கிளட்ச்ல இருந்து அவர் கால் வழுக்கினா உங்க முட்டி காலி. இன்ஜின் கொஞ்சம் புரளும், அது சகஜம். ஒரு பக்கம் குதிச்சு எந்திரிச்சு "டொக்"னு திரும்ப உக்கார்ந்தா ரப்பர் இரும்பை விட்டுப் பிரிஞ்சிருக்கு. டார்ச் அடிச்சு ரப்பரும் தகடும் ஒட்டற விளிம்பைப் பாருங்க, வெடிப்பு அங்கதான் ஆரம்பிக்கும். மேலோட்டமா முகத்துல சுருக்கம் விழுந்தது மாதிரி மெல்லிசு கோடு இருந்தா அது வயசு, கத்தி நுனி உள்ள போற அளவுக்குப் பிளவு இருந்தா ஆயுசு முடிஞ்சுது.

ஓட்டும்போது தெரியற அறிகுறியும் உண்டு. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துத் திரும்ப வெச்சா ஒரு அடி விழும், லிவர் தானா சாயும், வளைவுல வேகமா போகும்போது ரெண்டுல இருந்து மூணுக்குப் போட்டா இடம் தப்பும். ஆனா லிவர் பக்கம் இருந்து சத்தமும் சூடும் வருதுன்னா அதை மவுண்ட் தலையில கட்டாதீங்க, அது லிவருக்குக் கீழ இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சதால வர்றது, அது தனி வேலை.

கிலோமீட்டர் கம்மியா ஓடின கார்னு சொல்லி விக்கறவங்க பேச்சை நம்பி மவுண்ட்டை விட்டுடாதீங்க. ரப்பருக்கு ஓட்டம் கணக்கு இல்ல, வருஷம்தான் கணக்கு, ஷெட்டுல சும்மா நின்னாலும் காத்துல இருக்கற ஓசோன் பட்டு இறுகி வெடிச்சிடும்.

எதை வாங்கறது

அப்கிரேடுன்னு சொன்னதும் எல்லாரும் பளபளன்னு கலர் கலரா இருக்கற பாலியூரித்தேன் மவுண்ட்டைத்தான் தேடுவாங்க. ஒரு நிமிஷம் பொறுங்க. நாலு சிலிண்டர் இன்ஜின்ல பிஸ்டன் மேல கீழ போறதால வர்ற நடுக்கம் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வரும். 850 ஆர்பிஎம்ல கணக்குப் போட்டா வினாடிக்கு 28 தடவை. மவுண்ட் ரப்பர் மேல இன்ஜினைத் தட்டி விட்டா அதுவும் ஒரு வேகத்துல ஆடும் இல்லையா, அந்த வேகம் 28க்கு ரொம்பக் கீழ இருந்தாதான் நடுக்கம் ரப்பரோட நிக்கும், கிட்ட வர வர பாடிக்குக் கடத்தும். ரப்பர் கெட்டியாக ஆக அந்த வேகம் ஏறும். ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு ஏறாது, 40 சதவீதம் கெட்டியா போட்டா வேகம் 18 சதவீதம்தான் ஏறும். அதனால கொஞ்சம் கெட்டியான ரப்பர் போட்டா பெருசா தொந்தரவு இல்ல, ரெண்டு மூணு மடங்கு கெட்டியா போனாதான் டேஷ்போர்டு தந்தி அடிக்க ஆரம்பிக்கும்.

சந்தையில நாலு வகை கிடைக்கும். கம்பெனி ஒரிஜினல் ரப்பர் ஒண்ணு. அதே உருவத்துல கெட்டி ரப்பர்ல ரேஸுக்குன்னு மாஸ்டாவே விக்கற காம்பெட்டிஷன் மவுண்ட் ஒண்ணு. அப்புறம் பாலியூரித்தேன். கடைசியா ரப்பரே இல்லாத திட மவுண்ட், அது ரேஸ் டிராக்குக்கு மட்டும், ரோட்டுல ஓட்டற காருக்கு அதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். பாலியில ஷோர் ஏ-ன்னு ஒரு எண் போட்டிருக்கும், எண் பெருசானா கெட்டி. ஒரு அளவுக்குச் சொல்லணும்னா கார் டயரோட மேல் ரப்பர் 60ல இருந்து 70க்குள்ள வரும்.

என் கருத்தைக் கேட்டா, வாரக் கடைசியில ஊர் சுத்தற காருக்கு ஒரிஜினல் ரப்பரே பெரிய அப்கிரேடுதான். நீங்க இத்தனை நாளா ஒப்பிட்டுட்டு இருக்கறது முப்பது வருஷப் பிணத்தோட, புது ஒரிஜினலோட இல்ல. அப்பப்ப டிராக் டே போவேன்னா காம்பெட்டிஷன் ரப்பர். நான் அதைத்தான் போட்டேன், ஐடில்ல லேசா உறுமறது சீட்டுல தெரியும், 1200 தாண்டினா மறந்துடும். பேர் தெரியாத மலிவு ரப்பர் மட்டும் வேண்டாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு ஒரு ஜோடி வாங்கிப் போட்டு எட்டு மாசத்துல நசுங்கிப்போயி இதே வேலையை ரெண்டாவது தடவை செஞ்சவன் சொல்றேன். எதை வாங்கினாலும் ஜோடியா வாங்குங்க, ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா இன்ஜின் சாஞ்சு உக்காரும்.

சாமான்

10, 12, 14, 17 பாக்ஸ் ஸ்பேனர், நீளமான எக்ஸ்டென்ஷன் ரெண்டு, யுனிவர்சல் ஜாயின்ட் ஒண்ணு, டார்க் ரெஞ்ச், ட்ராலி ஜாக்கி ரெண்டு (ஒண்ணு காருக்கு, ஒண்ணு இன்ஜினுக்கு), நல்ல ஆக்ஸில் ஸ்டேண்டு, அகலமான மரக்கட்டை, கம்பி பிரஷ், துரு எடுக்கற ஸ்ப்ரே. அந்த மாடலோட வொர்க்ஷாப் மேனுவல் கண்டிப்பா வேணும், டார்க் எண் எல்லாம் அதுல இருந்து எடுங்க, 1.6க்கும் 1.8க்கும் உங்க வருஷத்துக்கும் என்னன்னு பார்த்து எடுங்க, யாரோ சொன்னதை வெச்சு முறுக்காதீங்க.

வேலை

ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க. உப்பு போடற ஊர்ல ஓடின காரா இருந்தா அடியில இருக்கற நட்டெல்லாம் துருப்பிடிச்சு ஸ்டட்டோட (தலையில்லாத போல்ட்) ஒண்ணாயிருக்கும். கம்பி பிரஷ்ல வெளிய தெரியற மரையைத் தேய்ச்சுட்டு ஸ்ப்ரே அடிங்க, சாயங்காலம் ஒண்ணு, காலையில ஒண்ணு, மறுநாளும் அப்படியே. இந்தப் பொறுமை இல்லாதவன் ஸ்டட்டை முறிச்சுட்டு உக்காருவான்.

அன்னிக்குக் காலையில இன்ஜின் ஆறி இருக்கணும். பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க, இந்தக் கார்ல பேட்டரி டிக்கியில இருக்கு, பானெட்டுக்குள்ள தேடாதீங்க. பின் வீலுக்குக் கட்டை போட்டுட்டு, முன்னாடி சப்ஃபிரேமோட (இன்ஜின் உக்கார்ற இரும்புச் சட்டம்) நடுவுல ஜாக்கி வெச்சுத் தூக்கி, சில்லுக்குக் (கதவுக்கு அடியில ஓடற பாடி விளிம்பு) கீழ ஜாக்கிங் பாயின்ட்ல ஸ்டேண்டு போடுங்க. சில் துருப்பிடிச்சிருக்கான்னு முதல்ல ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால தட்டிப் பாருங்க, இந்தக் காருக்கு அது குலநோய், தட்டினா மொத்துனு சத்தம் வந்தா அங்க ஸ்டேண்டு வைக்காதீங்க. ஸ்டேண்டு போட்டுட்டு காரைப் பிடிச்சு நல்லா உலுக்குங்க. அசையலைன்னா மட்டும் கீழ போங்க.

அடியில பிளாஸ்டிக் தட்டு இருந்தா கழட்டிடுங்க. மேல ஏர் பாக்ஸ், இன்ஜின் முன்னாடி குறுக்க போற பெரிய ஏர் பைப், ரெண்டையும் எடுத்துட்டா கை போக இடம் கிடைக்கும். இன்ஜின்ல இருந்து பாடிக்குப் போற எர்த் ஒயர், ஹீட்டர் ஹோஸ், எக்ஸாஸ்ட் பைப் எல்லாத்தையும் ஒரு தடவை கண்ணால தடவிப் பாருங்க, இன்ஜின் ஒரு ரெண்டு அங்குலம் மேல வந்தா எது இழுபடும்னு. கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, மவுண்ட் எந்தப் பக்கம் பார்த்து உக்கார்ந்திருக்குன்னு தெளிவா தெரியற மாதிரி.

பிபிஎஃப் சட்டத்துல இருக்கற எந்த போல்ட்டையும் தொடாதீங்க. கியர்பாக்ஸோட வாலைத் தாங்கறதே அதுதான், கழட்டினா கியர்பாக்ஸ் தொங்கிடும், திரும்ப மாட்டும்போது உயரம் அளந்து அளந்து செட் பண்ணணும், தேவையில்லாத வம்பு.

இப்ப இன்ஜினைத் தாங்கணும். ஆயில் சம்ப்புக்குக் (இன்ஜின் அடியில ஆயில் தேங்கற தொட்டி) கீழ அகலமான கட்டையை வெச்சு அதுக்குக் கீழ ஜாக்கி. வீடியோ கால்ல அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், சங்ககிரியில லாரி மெக்கானிக்கா காலம் தள்ளினவர், பார்த்த உடனே, "டேய், என்னடா இது, தீப்பெட்டி சைஸுக்குக் கட்டை வெச்சிருக்க? பலகையைப் போடுடா, சம்ப்பு முழுக்கப் பரவலா உக்காரணும்"னார். "இது லாரி இல்லப்பா, குட்டி இன்ஜின்"னு சொல்லிட்டு ரெண்டு அடி பம்ப் பண்ணினேன், "டங்"னு சம்ப்புல ஒரு குழி விழுந்துச்சு. அவர் ஒண்ணுமே சொல்லல, போனை அம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிட்டார். ஆகவே பலகை. இன்னும் நல்லதுன்னா மேல இருந்து குறுக்குக் கம்பி போட்டு இன்ஜின் கொக்கியில சங்கிலி மாட்டித் தொங்க விடறது, வாடகைக்குக் கிடைச்சா அதையே பண்ணுங்க, சம்ப்பும் தப்பும், கீழ வேலை செய்ய இடமும் கிடைக்கும்.

முதல்ல இன்ஜின் எடையை மட்டும் வாங்குங்க, தூக்காதீங்க. ரப்பர் லேசா நிமிர்றது தெரியும், அங்க நிறுத்துங்க. இப்ப சப்ஃபிரேம் பக்கம் இருக்கற நட்டை ரெண்டு பக்கமும் கழட்டுங்க. அப்புறம் மெதுவா, ஒரு பம்ப், ஒரு பார்வை, ஒரு பம்ப், ஒரு பார்வைன்னு தூக்குங்க. பின்னாடி டிஃபரென்ஷியல் ரப்பர்தான் கீல் மாதிரி, முன்பக்கம் தூக்கினா கியர்பாக்ஸ் மேற்பக்கமும் டனல்ல (கியர்பாக்ஸ் உக்கார்ற பாடி குடைவு) ஏறும், லிவர் பக்கம் ஒரு கண்ணு இருக்கட்டும். ஸ்டட் ஓட்டையை விட்டு வெளிய வந்தா போதும், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான். மத்த பக்கத்து ஸ்டட் அதோட ஓட்டையிலயே நுனி நின்னுட்டு இருந்தா இன்ஜின் அங்க இங்க நகராது, திரும்ப இறக்கும்போது நேரா வந்து உக்காரும். மவுண்ட்டைத் தனியா பிராக்கெட்ல (மவுண்ட்டை இன்ஜினோட இணைக்கற இரும்பு) இருந்து பிடுங்க முயற்சி பண்ணி நான் ஒரு மணி நேரம் வீணாக்கினேன், கை போகாது. பிராக்கெட்டை பிளாக்ல பிடிச்சிருக்கற போல்ட்டைக் கழட்டி மவுண்ட்டோட சேர்த்து ஒரே கட்டியா வெளிய எடுத்துட்டா, வைஸ்ல பிடிச்சு ரெண்டு நிமிஷத்துல பிரிச்சிடலாம். விரலை இன்ஜினுக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவுல மட்டும் விடாதீங்க, ஜாக்கி எண்ணெய் இறங்கினா விரல் திரும்ப வராது.

வெளிய எடுத்த பழசையும் புதுசையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சுப் பாருங்க. என் எக்ஸாஸ்ட் பக்கத்து பழசு புதுசை விட ஸ்கேல்ல ஒரு விரல் அகலத்துக்குக் குட்டையா இருந்துச்சு, கையால முறுக்கினா மேல் தகடு தனியா சுத்துச்சு. அதாவது அந்தப் பக்கம் இன்ஜின் வெறும் எடையாலதான் உக்கார்ந்திருக்கு.

இடம் காலியா இருக்கும்போதே சப்ஃபிரேமையும் பிராக்கெட்டையும் சுத்தம் பண்ணி, துருவைத் தேய்ச்சு ஒரு கோட் பெயின்ட் அடிச்சிடுங்க. மவுண்ட் உக்கார்ற முகத்துல மட்டும் தடிமனா பெயின்ட் வேண்டாம், பின்னாடி அது நொறுங்கி நட்டு லூஸாகும். ஆயில் எங்க இருந்து ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சு அதையும் இப்பவே அடைச்சிடுங்க, வால்வ் கவர் கேஸ்கெட்டா இருந்தாலும் சரி, தலைக்குப் பின்னாடி கேம் ஆங்கிள் சென்சார் ஓ-ரிங்கா இருந்தாலும் சரி. இல்லன்னா புது ரப்பரும் ஆயில் குடிக்கும்.

புது மவுண்ட்டை பிராக்கெட்ல போட்டு நட்டைக் கையால மட்டும் ஏத்துங்க, போட்டோவைப் பார்த்து திசையைச் சரி பாருங்க. பிராக்கெட்டை பிளாக்ல மாட்டி அந்த போல்ட்டுகளை மட்டும் டார்க் ரெஞ்ச்சால முழுசா முறுக்குங்க. மவுண்ட் நட்டு ரெண்டு முனையிலயும் லூஸாவே இருக்கட்டும். அடுத்த பக்கமும் இதே மாதிரி. அப்புறம் இன்ஜினை மெதுவா இறக்குங்க. ஸ்டட் ஓட்டையில நேரா விழலைன்னா கம்பி போட்டு நெம்பாதீங்க, கொஞ்சம் தூக்கி இன்ஜினைக் கையால பக்கவாட்டுல அசைச்சா தானா விழும்.

முழு எடையும் மவுண்ட் மேல வந்து, ஜாக்கியை எடுத்த பிறகு, இன்ஜினைப் பிடிச்சு நாலு தடவை ஆட்டி விட்டு, அப்புறம்தான் நட்டை மேனுவல் சொல்ற டார்க்குக்கு முறுக்கணும். ஜாக்கியில தொங்கிட்டு இருக்கும்போதே முறுக்கிட்டீங்கன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இறுகிடும், முதல் நாள்ல இருந்தே ஒரு பக்கம் இழுத்துட்டு இருக்கும், நடுக்கமும் போகாது, ரப்பரும் சீக்கிரம் கிழியும். புதுசா செய்றவங்க அதிகமா தப்பு பண்ற இடம் இதுதான்.

ஏர் பைப், எர்த் ஒயர், பேட்டரி எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. காரை இறக்கறதுக்கு முன்னாடி அடியில எக்ஸாஸ்ட் எங்கயாவது பாடியை உரசுதான்னு பாருங்க, பழைய மவுண்ட்ல தாழ்ந்து கிடந்த இன்ஜின் இப்ப உயர்ந்திருக்கும், இத்தனை வருஷம் படாத ஹீட் ஷீல்டு இப்ப படலாம். புதுசா "கிர்ர்"னு தகரச் சத்தம் வந்தா பத்துல எட்டு தடவை அதுதான், மவுண்ட் மேல பழி போடாதீங்க. எல்லா கியரும் போட்டுப் பாருங்க, லிவர் டனல் விளிம்புல இடிக்கக் கூடாது.

ஒரு இருநூறு கிலோமீட்டர் ஓட்டினதும் திரும்ப ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வெச்சுப் பாருங்க. எனக்கு எக்ஸாஸ்ட் பக்கக் கீழ் நட்டு கால் சுத்து வாங்குச்சு, மத்தது அசையல. சம்ப்புல விழுந்த குழி இன்னும் அப்படியேதான் இருக்கு, ஆயில் மாத்தும்போதெல்லாம் கண்ணுல படும், அப்பாகிட்ட இன்னும் அதைப் பத்திப் பேசல.